முகட்டின் நடுவில் அண்ணி

கண்ணாடிக் கடை அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை என்பது அந்தத் தெருவுக்கே தெரியும். தெரியாதவர்கள் கடைக்குள் வந்து சற்று நேரம் நின்றால் தெரிந்துகொள்வார்கள். பெரியவர் மேசைமேல் கண்ணாடியைக் கிடத்தி வைரக் கட்டரால் கோடு இழுத்துக்கொண்டிருப்பார். நாலடி தள்ளி, விளிம்பு தேய்க்கும் இயந்திரத்தின் அருகே சின்னவர் நிற்பார். பெரியவர் தலை நிமிராமல், "ஆறு மில்லியா, எட்டு மில்லியான்னு கேளு," என்பார். கேட்க வேண்டியவள் அண்ணி. நாலடி தூரத்தில் அந்தக் கேள்வியைத் தெளிவாகக் கேட்ட சின்னவர், அண்ணி திரும்பி மறுபடி கேட்கும்வரை காத்திருந்து, "எட்டுன்னு சொல்லுங்க அண்ணி," என்பார். அண்ணி சொல்வாள். அதற்குப் பிறகுதான் பெரியவருக்குக் காது கேட்கும்.

அண்ணி, பெரியவரின் மனைவி. சின்னவர் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, வாடிக்கையாளர்களும் தபால்காரரும் எதிர்க்கடைக்காரரும்கூட அவளை அண்ணி என்றே கூப்பிடப் பழகிவிட்டார்கள். கணவன் மட்டும் "ஏம்மா" என்பார். கடைக்கு மேல்மாடியில் கணவன் மனைவி குடியிருப்பு. கடைக்குப் பின்னால், கண்ணாடிச் சட்டங்கள் சாய்த்து வைத்த நடையைத் தாண்டி ஒரே அறையில் சின்னவர். கல்யாணம் செய்துகொள்ளாதவர். சாப்பாடு மட்டும் மேலே. அங்கேயும் இதே கூத்துதான். உப்பு வேண்டுமென்றால்கூட அது அண்ணி வழியாகத்தான் மேசையைக் கடக்க வேண்டும்.

சண்டைக்குக் காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். ஒரு சிகையலங்காரக் கடைக்குச் சுவர் அகலத்துக்குக் கண்ணாடி கேட்டிருந்தார்கள். அண்ணன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம் பிடித்து மாடிப்படி ஏறும்போது பாதியில் அது கைநழுவி நொறுங்கியது. யார் முதலில் விட்டது? "நீ," என்றார் இவர். "நீதான்," என்றார் அவர். அவ்வளவுதான். சொத்துத் தகராறு இல்லை, பெண் விவகாரம் இல்லை, யாரும் யாரையும் கை நீட்டி அடிக்கவில்லை. ஒரு கண்ணாடி. அண்ணியும் ஆரம்பத்தில் சிரித்தவள்தான். ஒரு வாரம் முறைத்துக்கொண்டு திரிவார்கள், பிறகு சரியாகிவிடும் என்று நினைத்தாள். ஆறு வருடமாகிவிட்டது.

வேடிக்கை என்னவென்றால் வேலை நிற்கவில்லை. இன்றைக்கும் பெரிய கண்ணாடி என்றால் இருவரும்தான் தூக்குவார்கள். அண்ணி பக்கத்தில் நடந்துகொண்டே, "படி வருது, வாசக்கால், கொஞ்சம் இடது பக்கம்," என்று சொல்லிக்கொண்டு போவாள். உண்மையில் அவள் சொல்ல வேண்டியதே இல்லை. ஒருவர் கால் நின்றால் மற்றவர் கால் தானாக நிற்கும். அந்த நான்கு கால்களுக்கு இருந்த புத்தி இரண்டு வாய்களுக்கு இல்லாமல் போனதுதான் அண்ணியின் தலையெழுத்து.

செய்தி சொல்வதில் அவள் கை தேர்ந்துவிட்டாள். "அந்த மடையன்கிட்ட சொல்லு, விளிம்பைத் தேய்க்கச் சொன்னா கடிச்சு வச்சிருக்கான்," என்று பெரியவர் சொன்னால், "தம்பி, இந்த விளிம்பை மட்டும் இன்னொரு தடவை பாத்துடு," என்று அது போய்ச் சேரும். "அவருக்குக் கண்ணு தெரியலைன்னா டாக்டர்கிட்ட போகச் சொல்லுங்க," என்று அங்கிருந்து வந்தால், "உங்க கண்ணாடிப் பவரை ஒரு தடவை பாத்துக்கலாமேன்னு தம்பி கவலைப்படறான்," என்று இங்கே இறங்கும். கெட்ட சொல்லை நல்ல சொல்லாக மாற்றியதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. சொல்லாத சொல்லையும் கொண்டுபோய்க் கொடுக்க ஆரம்பித்தாள். சின்னவர் மஞ்சள் காமாலையோடு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, "உங்கண்ணன் காலையிலயும் சாயங்காலமும் உன்னைப்பத்திதான் கேக்கறார்," என்றாள். பெரியவருக்கு முட்டியில் அறுவை சிகிச்சை நடந்தபோது, "வலி குறைஞ்சுதான்னு தம்பி கேட்டான்," என்றாள். இரண்டு பேரும் கேட்டுக்கொண்டார்கள். கேட்டுக்கொண்ட முகத்தைப் பார்த்த பிறகு அவளுக்கு அந்தப் பொய்கள் பொய்யாகவே தோன்றவில்லை.

இந்த நிலையில்தான் சின்னவருக்குக் கடல் தாண்டி, ஜன்னல் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் மேற்பார்வை வேலை கிடைத்தது. செய்தியை அண்ணியிடம் சொன்னார். அண்ணி பெரியவரிடம் சொன்னாள். பெரியவர் கையிலிருந்த கட்டரை மேசைமேல் வைத்து, மறுபடி எடுத்து, "சரி," என்றார்.

அண்ணிக்குத் தூக்கம் போயிற்று. இத்தனை நாளும் நாலடி இடைவெளி. நடுவில் நின்று எப்படியோ ஓட்டிவிட்டாள். கடலுக்கு நடுவில் போய் அவள் எங்கே நிற்பது? பேசாமலே ஒருவன் போய்விட்டால் அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. "அண்ணன் உன்னைப் போக வேண்டாம்னு சொல்றார்" என்று ஒரு பொய் சொன்னால் அவன் நின்றுவிடுவான் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் ஒருவனின் வாழ்க்கையைத் திருப்பிவிடும் அளவுக்குப் பொய் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. அதைவிடச் சின்னதாக ஒன்று சொன்னாள்.

கடைச் சுவரில் அந்த முகட்டின் படம் ஒன்று சட்டமிட்டு மாட்டியிருந்தது. முகடு என்றால் போதும், எந்த முகடு என்று அந்தப் பக்கத்தில் யாரும் கேட்கமாட்டார்கள். நாட்காட்டியில் வரும், பாடப்புத்தக அட்டையில் வரும். இரண்டு சிகரங்களுக்கு நடுவே நீண்டு கிடக்கும் ஒற்றைக் கல்வரிசை. இரண்டு பக்கமும் பள்ளம். வெயில் நாளில் அதன்மேல் நடக்க வரிசை கட்டி நிற்பார்கள். சின்ன வயதில் போகலாம் போகலாம் என்று சொல்லிக்கொண்டே அண்ணன் தம்பி இரண்டு பேரும் போகாமலே இருந்துவிட்டார்கள்.

"போறதுக்கு முன்னாடி உங்களோட ஒரு தடவை முகட்டுக்குப் போகணும்னு தம்பிக்கு ஆசை," என்று ராத்திரிச் சாப்பாட்டின்போது பெரியவரிடம் சொன்னாள். பெரியவர் மெல்வதை நிறுத்தினார். "அவனா சொன்னான்?" மறுநாள் காலை பின்னறை வாசலில் நின்று, "உங்கண்ணன் உன்னை முகட்டுக்குக் கூட்டிட்டுப் போகணும்கறார்," என்றாள். சின்னவர் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர், வாயில் நுரையோடு அப்படியே நின்றார்.

அந்த வாரமே இருவரும் தனித்தனியாகக் கடைக்குப் போய்த் தனித்தனியாக மலையேறும் காலணி வாங்கி வந்தார்கள். பார்த்தால் ஒரே மாதிரி காலணி. நல்ல வெயிலில், பக்கத்தில் பக்கத்தில் நாளெல்லாம் நடந்தால் கல்லும் வாய் திறக்கும் என்பது அண்ணியின் கணக்கு. தன்னை விட்டுவிட்டுத்தான் போவார்கள் என்றும் நினைத்தாள். அதிலும் மண் விழுந்தது. "நீயும் வரணும்மா. இல்லேன்னா நாங்க எப்படிப் பேசிக்கறது?" என்று பெரியவர் நிஜமாகவே கேட்டார்.

குறித்த நாளில் வானம் சாம்பல் பூசிக்கொண்டு விடிந்தது. முதல் பேருந்தில் மலையடிவாரத்துக்கு அவர்கள் மூன்று பேரும்தான். பாதை தொடங்கும் இடத்தில் மலைக்காவலர் குடில் ஒன்று இருந்தது. காவல்காரப் பெண்மணி கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மதியத்துக்கு மேல் காற்று ஏறும், மேலே மேகம் உட்கார்ந்திருக்கிறது, கல் எல்லாம் ஈரம், நான் யாரையும் தடுக்க முடியாது, ஆனால் நானாக இருந்தால் இன்றைக்குப் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அண்ணிக்கு அதுவே போதுமாக இருந்தது. முகடு எங்கே போகிறது, இன்னொரு நாள் வந்துகொள்ளலாம், பொய்க்கு ஒரு குட்டிப் பொய் சேர்த்தால் முடிந்தது என்று கணவனை ஓரமாக அழைத்தாள். தம்பிக்கு வானிலை பிடிக்கவில்லையாம், திரும்பிவிடலாம் என்கிறான் என்றாள்.

பெரியவர் தம்பி நின்ற பக்கம் பார்த்தார். "என் முட்டிக்காகச் சொல்றான்," என்றார். "முட்டி நல்லா இருக்குன்னு சொல்லு. அவனே ஆசைப்பட்டுக் கேட்டிருக்கான், நான் திரும்பிப் போகமாட்டேன்."

அண்ணி இந்தப் பக்கம் வந்து, அண்ணன்தான் திரும்பலாம் என்கிறார் என்று சின்னவரிடம் மாற்றிச் சொல்லிப் பார்த்தாள். அவர் சிரித்தார். சின்னவர் சிரித்து அவள் பார்த்து வெகுநாளாகிறது. அண்ணன் எனக்காக யோசிக்கிறார், நான் மலை ஏறிப் பழக்கமில்லாதவன் அல்லவா, ஆனால் இத்தனை வருடம் கழித்து அவரே வாய் திறந்து கூப்பிட்டிருக்கிறார், நான் வேண்டாம் என்றால் நன்றாக இருக்குமா என்றார்.

கடைசியாக, எனக்குப் பயமாக இருக்கிறது என்று உண்மையையே சொன்னாள். அப்படியானால் நீ குடிலில் இரு, நாங்கள் போய்விட்டு வருகிறோம் என்று இரண்டு பேரும் ஆளுக்கொரு தடவை சொன்னார்கள். பேசாத இரண்டு பேர், ஈரக் கல்லில், மேகத்துக்குள், நடுவில் ஆள் இல்லாமல். குல்லாயை இழுத்துக் கட்டிக்கொண்டு அவளும் புறப்பட்டாள். ஆறு வருடம் கெட்டதை நல்லதாக்கப் பழகியவளுக்கு, நல்ல மனசு ஒன்று உண்டான பிறகு அதைக் கலைக்கும் வித்தை தெரியவில்லை.

சரிவு வரைக்கும் பிரச்சினை இல்லை. மூச்சு வாங்கியது, அவ்வளவுதான். சரிவு முடிந்து முகடு ஆரம்பிக்கும் இடத்தில் மேகம் அவர்களை உள்ளே வாங்கிக்கொண்டது. சின்னவர் முன்னால், அண்ணி நடுவில், பெரியவர் பின்னால். முதலில் சாப்பாட்டு மேசை அகலத்துக்கு இருந்த கல்வரிசை, போகப் போக ஒரு பலகை அகலத்துக்குச் சுருங்கியது. இடது பக்கம் ஏரி என்று படத்தில் பார்த்திருக்கிறாள். இப்போது இடது பக்கமும் வெள்ளை, வலது பக்கமும் வெள்ளை. பள்ளம் கண்ணுக்குத் தெரியவில்லை, ஆனால் காற்று அங்கிருந்துதான் வந்தது. கீழே எவ்வளவு ஆழம் என்பதை அதன் ஓசையே சொல்லியது. கால் வைக்கும் கல் எல்லாம் நனைந்து, தேய்த்த விளிம்பைப்போல வழுக்கியது. சில இடங்களில் அவள் நடக்கவில்லை. கைகளையும் ஊன்றித் தவழ்ந்தாள். மானம் மரியாதை எல்லாம் பேருந்து நிறுத்தத்தோடு சரி.

காற்று பலமாக இருந்ததால் ஒருவர் பேசுவது பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும்தான் கேட்டது. ஆக, கடையிலும் வீட்டிலும் வீம்புக்காக நடந்த அஞ்சல் வேலை இங்கே நிஜமாகவே தேவைப்பட்டது. "பிடிமானம் வலது பக்கம்னு சொல்லுங்க அண்ணி." "வலது பக்கம் பிடிமானமாம்." "சரின்னு சொல்லு." அண்ணி ஒரு சொல்லைக்கூட மாற்றாமல் சொன்னாள். இந்த இடத்தில் ஒரு சொல்லுக்குச் சர்க்கரை தடவினால் ஒரு ஆள் போய்விடுவான் என்று அவளுக்குப் புரிந்திருந்தது.

பல் விழுந்த ஈறுபோல முகடு ஓரிடத்தில் உடைந்திருந்தது. எட்டிக் கால் வைத்தால் தாண்டிவிடலாம். நல்ல நாளில் சிறுவர்களும் தாண்டுகிற இடம்தான். ஆனால் எதிர்க் கல் இந்தப் பக்கமாகச் சரிந்து, மேலே தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. சின்னவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தாண்டினார். கால் வழுக்கி, முழங்கால் இடித்து, இரண்டு கையாலும் கல்லைக் கட்டிப் பிடித்து எழுந்தார். திரும்பியபோது அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"அண்ணன் வர்றாரான்னு கேளுங்க," என்று அங்கிருந்து கத்தினார். அண்ணிக்கு அந்தக் கேள்வியின் அடியில் கிடந்தது நன்றாகவே கேட்டது. வேண்டாம் என்று சொல்லமாட்டாரா என்று அது கேட்டது.

அவள் பின்னால் திரும்பினாள். பெரியவர் கல்லைப் பிடித்தபடி, அறுவை செய்த காலை நீட்டி வைத்திருந்தார். அந்தக் கால் நடுங்கியது. குளிரால் என்று சொல்லிக்கொள்ளலாம். "இன்னும் போகணும்கறானா?" என்று மெதுவாகக் கேட்டார். மனைவி பதில் சொல்வதற்குள், "சரி, வர்றேன்னு சொல்லு," என்று எழுந்திருக்க ஆரம்பித்தார்.

அந்தக் கால் அந்தக் கல்லில் நிற்காது. இது அவளுக்குத் தெரிந்தது, அவருக்கும் தெரிந்திருந்தது. இருந்தும் எழுந்தார். வாழ்க்கையில் முதல்முறையாகத் தம்பி தன்னிடம் ஒன்று கேட்டிருக்கிறான் என்ற சந்தோஷத்தில் ஒரு மனிதன் சாகப் போகிறான், அந்தச் சந்தோஷத்தைச் செய்து கொடுத்தவள் நான் என்று அவள் நினைத்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது, முதலில் தன்மேல், பிறகு இந்த இரண்டு பேர்மேலும்.

கல்லின்மேல் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்தாள். "உக்காருங்க," என்று கணவனிடம் சொன்னாள். அப்படி ஒரு குரலில் அவள் அவரிடம் பேசியதே இல்லை, அவர் உட்கார்ந்துவிட்டார். பிறகு இரண்டு பக்கத்துக்கும் கேட்கும்படி தொண்டை கிழியக் கத்தினாள்.

"ரெண்டு பேரும் கேளுங்க. இங்க வரணும்னு யாரும் ஆசைப்படல. தம்பி உங்களைக் கூப்பிடல. அண்ணன் உன்னைக் கூப்பிடல. நான்தான் சொன்னேன், ரெண்டு பேர்கிட்டயும். நீங்க பேசிப்பீங்கன்னு சொன்னேன்."

சின்னவர் அங்கே கல்லைக் கட்டிக்கொண்டு அசையாமல் இருந்தார். பெரியவர் தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லிவிட்டோம், இனி இருந்ததும் போயிற்று என்று அண்ணி நினைத்தாள். ஆறு வருடம் சேர்த்துக் கட்டியதைத் தன் வாயாலேயே தள்ளிவிட்டாயிற்று. உயிரோடு கீழே இறங்கினால் போதும் என்றிருந்தது.

"அண்ணி," என்று சின்னவர் கூப்பிட்டார். "எனக்குக் காமாலை வந்தப்போ, தினம் கேட்டார்னு சொன்னீங்களே. அதுவும் நீங்கதானா?"

அவளால் பொய் சொல்லியிருக்க முடியும். அது ஒன்றை மட்டும் மிச்சம் வைத்திருக்கலாம். ஆனால் ஒன்றை மிச்சம் வைத்தால் எல்லாமே மறுபடி அங்கிருந்து தொடங்கும் என்று தோன்றியது. "நான்தான் தம்பி," என்றாள்.

அப்போதுதான் அவள் தலைக்கு மேலாக ஒரு குரல் போயிற்று. அவளிடம் சொல்லப்படாத குரல்.

"கேக்கல," என்றார் பெரியவர். எழுந்து நிற்காமல், உட்கார்ந்தபடியே, ஆனால் உரக்க. "கேக்கணும்னு இருந்துச்சு. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வந்தேன். கேக்கல. திரும்பிட்டேன்."

சின்னவர் கல்லைப் பிடித்த கையை மாற்றிக்கொண்டார். பிறகு, "முட்டி ஆபரேஷனுக்கு நானும் கேக்கல," என்றார்.

"தெரியும்."

"தெரியுமா?"

"உங்கண்ணி சொன்ன மாதிரி எல்லாம் நீ பேசமாட்ட. 'வலி குறைஞ்சுதா'ன்னு நீ கேப்பியா? எனக்குத் தெரியாதா உன்னை?" பெரியவர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "ஆனா நல்லா இருந்துச்சு. அதனால நம்பிக்கிட்டேன்."

"இப்ப கேக்கறேன்," என்றார் சின்னவர். "முட்டி எப்படி இருக்குண்ணே?"

"வலிக்குது."

"அப்ப திரும்பலாம்."

"திரும்பலாம்," என்றார் பெரியவர். அத்தனை எளிதாக இருந்தது. காவலர் குடில் வாசலிலேயே சொல்லியிருக்கலாம். அதற்கு அவர்கள் இவ்வளவு தூரம் தவழ்ந்து வர வேண்டியிருந்தது.

ஆனால் சின்னவர் திரும்பித் தாண்டி வர வேண்டும். உடைப்புக்கு முன்னால் கல் கொஞ்சம் அகலம். பெரியவர் அண்ணியைப் பின்னுக்கு நகரச் சொன்னார். அவள் தவழ்ந்தபடி அவரைக் கடந்து பின்னால் போனாள். அவர் முன்னால் வந்து, நல்ல காலைக் கல்லில் முட்டுக்கொடுத்து, கையை நீட்டினார்.

சின்னவர் அந்தக் கையைப் பார்த்தார். "விட்டுடாத," என்றார்.

"அன்னிக்கும் நான் விடல."

"நீதான் விட்ட."

"நீ படியில காலை மாத்தின. அதனால பளு என் பக்கம் சாஞ்சுது."

"நான் மாத்தினேன்னா நீ மேல இருந்து தள்ளின, அதான் மாத்தினேன்."

அண்ணிக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. மேகத்துக்குள், இரண்டு பக்கமும் பாதாளம் வாய் பிளந்திருக்க, நீட்டிய கை நீட்டியபடி நிற்க, இரண்டு பேரும் அந்தச் சிகையலங்காரக் கடைக் கண்ணாடியை விட்ட இடத்திலிருந்து தூக்கிக்கொண்டு நின்றார்கள். யார் விட்டது என்பது முடிவாகவில்லை, இனியும் ஆகாது. பெரியவர், "சரி, முதல்ல வா, வந்து சண்டை போடு," என்றார். சின்னவர் கையைப் பிடித்தார். பிடித்த விதத்தைப் பார்த்தால் மணிக்கட்டு முறிந்துவிடும் போலிருந்தது. ஒரே எட்டு. வந்து அண்ணன்மேல் விழுந்தார். இரண்டு பேரும் கல்லோடு கல்லாகச் சேர்ந்து கிடந்தார்கள். எழுந்திருக்க அவசரப்படவில்லை.

திரும்பும்போது வரிசை மாறிவிட்டது. முன்னால் அண்ணி, நடுவில் பெரியவர், பின்னால் சின்னவர். அவளுக்கு முன்னால் வெறும் வெள்ளை. பின்னால் இரண்டு குரல்கள். இடது காலை முதலில் வை, அங்கே இல்லை, கீழே, இன்னும் கீழே, மடையா அது ஆடுகிற கல் என்று ஒரு குரல். தெரியும், எனக்கும் கண் இருக்கிறது என்று இன்னொரு குரல். யாரும் அவளை ஒன்றும் சொல்லச் சொல்லவில்லை. சொற்கள் கூர் மழுங்காமல், அவள் வாய் படாமல், நேராகப் போய்ச் சேர்ந்தன. யாரும் செத்துப்போகவில்லை. இத்தனை வருடம் அவள் விளிம்பு தேய்த்துத் தேய்த்துக் கொடுத்த சொற்களை, இந்த இரண்டு தடியன்களும் இப்படியே தாங்கிக்கொள்ளக் கூடியவர்கள்தான் என்பது அவளுக்கு நிம்மதியாகவும் இருந்தது, கொஞ்சம் அவமானமாகவும் இருந்தது.

சரிவுக்கு வந்து மேகம் விலகியபோதுதான் அவள் அழுதாள். சந்தோஷமா என்று கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்வாள். ஆனால் கூடவே, ஒரு வீட்டில் வெகுநாள் பார்த்து வந்த வேலையை ஒருநாள் காலையில் இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டால் எப்படி இருக்கும், அதுவும் இருந்தது. இரண்டு பேரும் அவள் அழுவதைக் கவனிக்கவில்லை. சின்னவர் பெரியவரின் காலணியில் கயிறு தளர்ந்திருந்ததைக் கண்டுபிடித்து, உட்கார வைத்து, கட்டத் தெரியாதா என்று திட்டிக்கொண்டே கட்டினார்.

குடிலில் காவல்காரப் பெண்மணி மூன்று கோப்பைத் தேநீர் கொடுத்துவிட்டு ஈரத்தைத் துடைக்கத் துணி ஒன்றை எறிந்தாள். அடுப்புக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அண்ணி வழக்கம்போல நடுவில் உட்காரப் போனவள், சற்று யோசித்து ஓரத்துக்குப் போனாள்.

சின்னவர் கோப்பையைக் கையில் உருட்டிக்கொண்டு, "போகாதன்னு நீ ஒரு தடவைகூடச் சொல்லலையே," என்றார்.

"சொன்னா இருந்திருப்பியா?"

"தெரியல."

பெரியவர் தேநீரைக் குடித்து முடித்தார். "அந்த வேலை நல்ல வேலை. போ," என்றார். "ஞாயித்துக்கிழமை போன் பண்ணு. அவளுக்கு இல்ல. எனக்கு."

சின்னவர் தலையாட்டினார். அண்ணி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரம் அவர் போனார். பின்னறையில் கட்டில் மட்டும் மிஞ்சியது. கடையில் பெரியவர், விளிம்பு தேய்க்கும் இயந்திரத்தையும் தானே ஓட்டினார்; ஓட்டியவன் எப்படி விட்டுப் போயிருக்கிறான் பார் என்று இயந்திரத்தைத் திட்டினார். பெரிய கண்ணாடிகளுக்கு எதிர்க்கடைக்காரர் கை கொடுத்தார். அவர் கால்கள் பெரியவரின் கால்களோடு ஒத்துப்போகவில்லை. அண்ணி இப்போது நிஜமாகவே படி வருவதைச் சொல்ல வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பெரியவர் காலையிலேயே கைபேசியைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வேறு வேலை பார்ப்பதுபோல ஒரு பழைய சட்டத்தை எடுத்துத் துடைத்தார். மணி அடித்தது. முதல் மணியிலேயே எடுத்துவிடக் கூடாது என்று கொஞ்சம் காக்க வைத்து எடுத்தார். அண்ணி கழுவுதொட்டியில் பாத்திரங்களை வைத்துவிட்டு, குழாயை மட்டும் மூடினாள்.

என்ன சாப்பிட்டாய், குளிரா, அறை எப்படி என்று தொடங்கியது. தொழிற்சாலையில் கண்ணாடியை எப்படி வெட்டுகிறார்கள் என்பதற்குப் பேச்சு போனது. அங்கே எல்லாம் இயந்திரம்தான் வெட்டுகிறது, கையால் வெட்டுவதைவிட அதுதான் நேர்த்தி என்று அந்தப் பக்கம் சொல்லியிருக்க வேண்டும். பெரியவரின் கழுத்து சிவந்தது. முப்பது வருடம் கையால் வெட்டியவன் மடையனா என்றார். அப்படி நான் சொல்லவில்லை என்றது அங்கே. அப்படித்தான் சொன்னாய் என்றது இங்கே. பிறகு பெரியவர் பட்டென்று இணைப்பைத் துண்டித்தார்.

பெரியவர் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தார். பிறகு, யோசிக்காமல், கை தானாகவே நீண்டதுபோல, கைபேசியை அண்ணியின் பக்கம் நீட்டினார்.

"அவன்கிட்ட சொல்லு—"

அண்ணியின் கைகள் ஈரமாக இருந்தன. அவள் அவற்றைத் துடைக்கவில்லை. அவரைப் பார்த்தபடி நின்றாள், அவ்வளவுதான். உள்ளுக்குள் ஆறு வருடப் பழக்கம் அந்தக் கைபேசியை வாங்கச் சொல்லித் துடித்தது. என்ன சொல்ல வேண்டும் என்பதுகூட நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அண்ணனுக்கு உன்னைப் பார்க்காமல் இருப்புக் கொள்ளவில்லை தம்பி, அதான் கத்தறார். அது பொய்யும் அல்ல. ஆனால் அதைச் சொல்ல வேண்டியவள் அவள் அல்ல.

நீட்டிய கை கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பெரியவர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு கையை மடக்கிக்கொண்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, திரையை மூக்கருகே பிடித்து, விரலால் ஒவ்வொன்றாகத் தடவித் தேடி அழைத்தார். அந்தப் பக்கம் உடனே எடுத்துவிட்டார்கள்.

"நான்தான்டா," என்றார். "வச்சுடாத. இன்னும் முடிக்கல."